அர்தேசீர் கர்செட்ஜி வாடியா: ரயில் வருவதற்கு முன்பே மும்பையில் வாயு விளக்கேற்றியவர் - நிலக்கரி எரிவாயு உண்மையிலேயே சுத்தமானதா?

செம்பூரில் இருந்து ஹார்பர் லைனில் சி.எஸ்.எம்.டி. போகிறவர் என்றால், டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனை நீங்க எத்தனையோ முறை கடந்திருப்பீங்க. அந்த ஸ்டேஷன் இருப்பது மஜ்காவ் பகுதியில். போர்க்கப்பல் கட்டும் மசகான் டாக் நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்த இடம் அதுதான்.

1834-ம் ஆண்டில் அந்த மஜ்காவில் ஒரு பங்களாவும் அதன் தோட்டமும் வாயு விளக்குகளால் ஒளிர்ந்தன. அப்போது பம்பாயில் ரயில் கிடையாது. அது வர இன்னும் 19 வருஷம் இருந்தது. ஊர் முழுக்க எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும்தான். பம்பாய் ஆளுநராக இருந்த கிளேர் பிரபுவே நேரில் வந்து பார்த்து, வீட்டுக்காரருக்கு மரியாதை உடை கொடுத்துப் பாராட்டினார். அந்த வீட்டுக்காரருக்கு அப்போது வயது இருபதுகளின் நடுவில்.

அவர் பெயர் அர்தேசீர் கர்செட்ஜி வாடியா. லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகத் தேர்வான முதல் இந்தியர் இவர்தான். அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியரை உங்களுக்கு நன்றாகவே தெரியும். அவரைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இப்போது ஏன் இவரைப் பற்றிப் பேச வேண்டும்? நிலக்கரியை வாயுவாக்குவது மறுபடியும் செய்திக்கு வந்திருக்கிறது. 2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. இதற்காக 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 'சுத்தமான நிலக்கரித் தொழில்நுட்பம்' என்ற பெயரில் இது பேசப்படுகிறது. ஆனால் தொழில்நுட்பத்தின் வேர் பழசு. அது இந்த ஊருக்கு எப்படி வந்தது, அதில் என்ன சுத்தம், என்ன அழுக்கு என்பதைப் புரிந்துகொள்ள அர்தேசீரின் வாழ்க்கை ஒரு நல்ல வழி.

கப்பல் கட்டும் குடும்பத்தில் ஒரு நீராவிப் பைத்தியம்

அர்தேசீர் பிறந்தது 1808 அக்டோபர் 6-ம் தேதி, பம்பாயில். வாடியா குடும்பம் சூரத்தில் இருந்து வந்த பார்சி குடும்பம். லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா 1736-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்ட பம்பாய் வந்தார். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக பம்பாய் கப்பல் தளம் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது.

அவர்கள் கட்டிய கப்பல்களில் ஒன்றின் பெயர் நமக்கு நெருக்கமானது. 1817-ல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 'ட்ரிங்கோமலி', அதாவது நம்ம திருகோணமலை. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அந்தக் கப்பல் இன்றும் மிதக்கிறது.

அர்தேசீரின் அப்பா கர்செட்ஜி ரஸ்தம்ஜியும் கப்பல் கட்டுநர்தான். 1822-ல், தன் 14-வது வயதில் பையனும் அப்பாவோடு தளத்துக்கு வேலைக்குப் போனான். அங்கே தேக்கும் பாய்மரமும்தான் ராஜா. ஆனால் பையனின் மனசு போனது நீராவி எந்திரத்தின் மேல்.

அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 'ஹியூ லிண்ட்சே' என்ற நீராவிக் கப்பல் 1830-ல் பம்பாயில் இருந்து சூயஸ் வரை போனது. எந்திரத்துக்குத் தீனி போட அவ்வளவு நிலக்கரி தேவைப்பட்டதால், பயணிகள் அறைகளிலும்கூட கரியைக் கொட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. காற்றை நம்பி ஓடிய கப்பல் உலகம் கரியை நம்பி ஓட ஆரம்பித்த நேரம் அது. மரக்கப்பல் செய்து பேர் வாங்கிய குடும்பத்துப் பையனுக்கு, தன் குடும்பத் தொழிலின் காலம் முடியப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்த நேரமும் அதுதான்.

அர்தேசீர் காத்திருக்கவில்லை. ஒரு குதிரைசக்தி கொண்ட சின்ன நீராவி எந்திரத்தைத் தானே செய்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவி எந்திரம் என்று அதைச் சொல்வதுண்டு. 1833-ல், 25 வயதில், மஜ்காவ் தளத்தின் உதவிக் கட்டுநர் ஆனார். 60 டன் எடையுள்ள 'இண்டஸ்' என்ற சிறு கப்பலில் நீராவி எந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அடுத்த வருஷம், வாயு விளக்கு.

அப்போது 'வாயு' என்றால் என்ன?

இன்று வாயு என்றால் நமக்கு சிலிண்டர் ஞாபகம் வரும். அல்லது மகாநகர் கேஸ் குழாய். அர்தேசீர் காலத்தில் இந்த இரண்டும் கிடையாது. பூமிக்கடியில் இருந்து இயற்கை எரிவாயுவை எடுத்துக் குழாயில் அனுப்பும் தொழில் வளரவில்லை. வாயு வேண்டுமென்றால் செய்துதான் ஆக வேண்டும். பெரும்பாலும் அதைச் செய்தது நிலக்கரியில் இருந்து.

1792-ல் வில்லியம் முர்டாக் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தன் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளியேற்றினார். 1812-ல் லண்டனில் வாயு கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். ஆனால் இந்தியாவில் எந்த நகரத் தெருவுக்கும் வாயு விளக்கு வந்திருக்கவில்லை. கல்கத்தா தெருக்களில் அது எரிந்ததே 1857-ல்தான்.

இதை எப்படிச் செய்வார்கள்? ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் பூர்வீகம் உள்ளவர்களுக்குச் சொல்வது சுலபம். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி மூடி, தீ வைத்துப் பல நாள் புகையவிடும் கரிமூட்டம் பார்த்திருப்பீங்க. போதுமான காற்று கிடைக்காததால் மரம் சாம்பலாகாது, கரியாகும். அந்த மூட்டத்தில் இருந்து கிளம்பும் புகையில் எரியக்கூடிய வாயுக்களும் இருக்கின்றன. கரிமூட்டக்காரருக்குக் கரிதான் வேண்டும் என்பதால் அந்தப் புகை வீணாகப் போகிறது.

வாயு ஆலையில் இது தலைகீழ். அங்கே வேண்டியது புகைதான். நிலக்கரியைக் காற்றுப் புகாத பாத்திரத்துக்குள் அடைத்து, வெளியில் இருந்து சூடேற்றுவார்கள். உள்ளே இருந்து ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிர வைத்தால் கறுப்புத் தார் தனியாக இறங்கும், அம்மோனியா கலந்த தண்ணீர் தனியாக இறங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கந்தக வாயுவைச் சுண்ணாம்பில் ஓடவிட்டு எடுப்பார்கள். மிஞ்சியது தொட்டிக்குப் போய், அங்கிருந்து குழாய் வழியாக விளக்குக்குப் போகும். பாத்திரத்தில் தங்குவது கோக் எனப்படும் கரி.

அதாவது, விளக்கில் எரியும் சுடர் சுத்தமாக இருப்பதற்குக் காரணம், அழுக்கை வேறோர் இடத்தில் முன்கூட்டியே பிரித்து எடுத்துவிட்டார்கள் என்பதுதான். இந்த ஒரு வரியை மனசில் வச்சுக்கோங்க. கடைசியில் தேவைப்படும்.

தெருவில் குழாய் இல்லாத ஊரில் அர்தேசீர் வாயுவை அங்கேயே தயாரித்துத்தான் விளக்கேற்ற முடியும். அந்தச் சின்ன வாயு ஏற்பாட்டை அவர் முழுக்க முழுக்க இந்தியத் தொழிலாளர்களை வைத்தே நடத்தினார் என்பது, பின்னாளில் ராயல் சொசைட்டிக்கு அவர் பெயரை முன்மொழிந்தபோது குறிப்பிடப்பட்ட தகுதிகளில் ஒன்று. மேற்பார்வைக்கு ஐரோப்பியர் இல்லாமல் இந்தியர்களால் எந்திர வேலை செய்ய முடியாது என்று ஆட்சியாளர்கள் நம்பிய காலம் அது. அதனால் அந்த விளக்குகள் காட்டியது வெளிச்சத்தை மட்டும் இல்லை.

லண்டன் பயணமும் ராமானுஜனுக்கு முந்தைய கையெழுத்தும்

நீராவிக் கப்பல் கட்டும் கலையை அதன் ஊற்றுக்கண்ணிலேயே போய்ப் படிக்க வேண்டும் என்று அர்தேசீர் முடிவெடுத்தார். 1839-ல் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 30 வருஷம் இருந்தது. செங்கடல் வரை கப்பல், எகிப்தில் தரைவழி, பிறகு மத்தியதரைக் கடலில் மறுபடியும் கப்பல். அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு 1840-ல் லண்டனில் புத்தகமாகவே வந்தது. அவரது உறவினர்களான ஜஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும் ஏற்கெனவே இங்கிலாந்தின் சாத்தம் தளத்தில் கப்பல் கட்டும் பயிற்சியில் இருந்தார்கள்.

இங்கிலாந்தில் தொழிற்சாலைகளையும் கப்பல் தளங்களையும் அர்தேசீர் சுற்றிப் பார்த்தார். சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். விக்டோரியா மகாராணியின் முன்பும் அறிமுகம் செய்து வைக்கப்பட்டார்.

1841 மே 27-ம் தேதி ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. ஐசக் நியூட்டன் தலைமை தாங்கிய அதே சங்கம். செய்தி வந்தபோது அவர் லண்டனில் இல்லை, பம்பாய்க்குத் திரும்பிவிட்டிருந்தார்.

அடுத்த இந்தியர் அந்தப் பட்டியலில் இடம்பெற 77 வருஷம் ஆனது. 1918-ல் அந்த இடத்துக்கு வந்தவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜன். இரண்டு பேருக்கும் நடுவில் முக்கால் நூற்றாண்டு இடைவெளி. இந்தியாவில் அத்தனை வருஷம் திறமைசாலிகளே இல்லாமல் போனார்களா என்ன? கதவு அவ்வளவு குறுகலாக இருந்தது என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

ஐரோப்பியர்களுக்கு மேலே ஓர் இந்தியர்

1841 ஏப்ரலில் பம்பாய் நீராவி ஃபேக்டரியின் தலைமைப் பொறியாளராகவும் எந்திரங்களின் ஆய்வாளராகவும் அர்தேசீர் பொறுப்பேற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நீராவிக் கப்பல்களைப் பழுது பார்க்கும் இடம் அது. அவருக்குக் கீழே ஐரோப்பிய உதவியாளர், ஐரோப்பிய ஃபோர்மேன்கள், ஐரோப்பியப் பொறியாளர்கள், பாய்லர் தொழிலாளர்கள், அவர்களோடு இந்தியக் கைவினைஞர்கள்.

உங்க ஆபீஸிலேயே யோசிங்க. இளம் வயது மேலாளர் வந்தாலே சீனியர்கள் முகம் சுளிப்பது உண்டு. இது 1841. ஆளுகிற இனத்தைச் சேர்ந்தவர்களுக்கு, ஆளப்படுகிற இனத்தைச் சேர்ந்த ஒருவர் அதிகாரி. எதிர்ப்பு கிளம்பியது. அன்றைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்று, இந்தியர் ஒருவருக்கு இந்தப் பதவி பொருந்தாது என்ற வகையில் எழுதியது. அர்தேசீர் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. வேலையைப் பார்த்தார். 16 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

1849-ல் அமெரிக்கா போய் மரம் அறுக்கும் எந்திரங்களைப் பார்த்து, பம்பாய்க்கு வாங்கி வந்தார். 1851-ல் 'லவ்ஜி ஃபேமிலி' என்ற நீராவிக் கப்பலை மிதக்க விட்டார். அதன் எந்திர பாகங்கள் வீட்டோடு இருந்த அவரது சொந்த வார்ப்புப் பட்டறையிலேயே தயாரானவை. தையல் எந்திரம், புகைப்படக் கலை, மின்முலாம் பூசுவது என இன்னும் சில புதுமைகளையும் பம்பாய்க்கு அறிமுகப்படுத்தியவர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

1857-ல் ஓய்வு பெற்று, மறு வருஷம் இங்கிலாந்து போனார். நடுவில் 1860-களின் தொடக்கத்தில் சிந்து நதியில் நீராவிப் படகுகள் ஓட்டிய இண்டஸ் ஃப்ளோட்டிலா கம்பெனியின் பொறியாளராகச் சில வருஷம் சிந்து மாகாணத்தில் வேலை பார்த்தார். மீண்டும் இங்கிலாந்து. லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள ரிச்மண்டில் குடியிருந்து, 1877 நவம்பர் 16-ம் தேதி காலமானார். அவர் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான அதே மே 27-ம் தேதியில், 1969-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஊருக்கு வாயு வந்தபோது

அர்தேசீர் தன் வீட்டில் ஏற்றிய விளக்கு தெருவுக்கு வர 31 வருஷம் ஆனது. 1862-ல் பம்பாய் கேஸ் கம்பெனி உருவானது. 1865 அக்டோபரில் பெண்டி பஜார், சர்ச்கேட் தெரு, எஸ்பிளனேடு பகுதிகளில் வாயு விளக்குகள் எரிய ஆரம்பித்தன. சாயங்காலம் ஏணியோடு வந்து ஒவ்வொரு விளக்காக ஏற்றிப் போகும் ஆளைப் பார்க்கத் தெருவே கூடியதாம். இந்த வாயுவை முதலில் ஊருக்குக் காட்டியவர் அதற்குள் அரசுப் பணியை விட்டு ஓய்வு பெற்றிருந்தார்.

லால்பாகில் 'கேஸ் கம்பெனி லேன்' என்று ஒரு சந்து இன்றும் இருக்கிறது. நிலக்கரி சுட்ட ஆலை அந்தப் பக்கம். மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியும் அதுதான்.

இங்கேதான் அர்தேசீர் வீட்டு விளக்குக்கும் ஊர் விளக்குக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. மஜ்காவில் வெளிச்சமும் தார் நாற்றமும் ஒரே ஆளுக்குச் சொந்தம். நகரத்துக்கு வந்தபோது வெளிச்சம் ஒரு தெருவுக்கு, புகை இன்னொரு தெருவுக்கு என்று பிரிந்துவிட்டது. உலகம் முழுக்கவே பழைய வாயு ஆலைகள் இருந்த இடங்களில், ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் கழித்தும் மண்ணில் தார்க் கழிவைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தாரில் இருந்துதான் நவீன வேதியியல் தொழிலும் பிறந்தது என்பது கதையின் இன்னொரு பக்கம். 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் நிலக்கரித் தாரில் கிடைக்கும் பொருளை வைத்து ஊதா நிறச் சாயம் செய்தான். அங்கிருந்து சாயம், மருந்து, பிளாஸ்டிக் என்று தொழில் விரிந்தது. மாட்டுங்காவில் இருக்கும் ஐ.சி.டி. கல்வி நிறுவனம் 1933-ல் துணிச்சாய வேதியியலும் வேதிப் பொறியியலும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. பம்பாயின் துணி மில்களுக்கு அந்தப் படிப்பு தேவைப்பட்டது. உங்களில் சிலர் அங்கே படித்தவர்களாகவும் இருக்கலாம்.

1882-ல் கிராஃபோர்டு மார்க்கெட்டில் மின்விளக்கு வந்தது. 1915-ல் கோபோலியில் இருந்து டாடாவின் நீர்மின்சாரம் வந்தது. வாயு விளக்கின் காலம் மெல்ல முடிந்தது.

இன்றைய நிலக்கரி வாயுவாக்கம் எப்படி வேறு?

பழைய முறையில் நிலக்கரியின் ஒரு பகுதிதான் வாயுவானது. மீதி கோக்காகத் தங்கியது. இன்றைய முறையில் அதிக அழுத்தம் உள்ள கலனுக்குள் நிலக்கரியோடு நீராவியையும் அளவான ஆக்சிஜனையும் செலுத்துகிறார்கள். கார்பன் முழுக்கவே வாயுவாக மாறுகிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த இதற்கு 'சின்கேஸ்' என்று பெயர். சாம்பல் மட்டும் கீழே தங்கும்.

இந்த சின்கேஸை எரித்து மின்சாரம் எடுக்கலாம். அம்மோனியாவாக்கி யூரியா செய்யலாம். மெத்தனால் செய்யலாம். ஒடிசாவின் அங்குல் நகரில் ஜிண்டால் ஆலை இதை வைத்து இரும்புத் தாதுவை இரும்பாக்குகிறது.

தமிழ்நாட்டுக்கும் இது புதுசு இல்லை. நெய்வேலியில் 1960-களில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா தயாரித்தார்கள். பிறகு அந்த ஆலை எண்ணெய்க்கு மாறியது, கடைசியில் மூடப்பட்டது. திருச்சி பெல் நிறுவனம் நிலக்கரி வாயுவில் மின்சாரம் எடுக்கும் 6.2 மெகாவாட் சோதனை ஆலையையே கட்டிப் பார்த்தது.

செம்பூர்க்காரர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. உங்க பக்கத்தில் ஆர்.சி.எஃப். உர ஆலை இருக்கிறதல்லவா? அது இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. அதே ஆர்.சி.எஃப்., கெயில், கோல் இந்தியா ஆகியவற்றோடு சேர்ந்து ஒடிசாவின் தால்ச்சரில் நிலக்கரி வாயுவில் இயங்கும் யூரியா ஆலை கட்டும் திட்டத்தில் பங்குதாரர். ஆண்டுக்கு 12.7 லட்சம் டன் யூரியா அதன் இலக்கு. அதே தால்ச்சரில் 1980-ல் தொடங்கிய பழைய நிலக்கரி உர ஆலை, மின்தடையாலும் தொழில்நுட்பச் சிக்கலாலும் திணறி 2002-ல் மூடப்பட்டது. இது இரண்டாவது முயற்சி.

அரசு ஏன் இவ்வளவு ஆர்வம் காட்டுகிறது? இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதி. நிலக்கரியோ 2024-25-ல் 100 கோடி டன்னுக்கு மேல் உள்நாட்டிலேயே வெட்டி எடுக்கப்பட்டது. கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாமே என்ற கணக்கு.

ஒரு முக்கியச் சிக்கல், நம்ம நிலக்கரியின் சாம்பல். வெளிநாட்டுக் கலன்கள் பெரும்பாலும் சாம்பல் குறைவான கரிக்காக வடிவமைக்கப்பட்டவை. இந்தியக் கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல் இருக்கும். மூட்டை அரிசியில் மூன்றில் ஒரு பங்கு கல் இருந்தால் எப்படியோ, அப்படி. அதனால்தான் தால்ச்சரில் பெட்ரோலிய கோக்கையும் கலந்து பயன்படுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

அப்படின்னா, இது சுத்தமானதா?

பதில்: எந்தப் புகையைக் கேட்கிறீங்க என்பதைப் பொறுத்தது.

தாராவி கும்பார்வாடாவில் பானைச் சூளை எரியும் நாளில் அந்தச் சந்துகளில் நடந்திருந்தால், பக்கத்தில் எரியும் புகை என்ன செய்யும் என்று உங்க கண்ணுக்கே தெரியும். கந்தகம், தூசி, சாம்பல் போன்றவற்றைப் பொறுத்தவரை, வாயுவாக்கம் நேரடியாகக் கரியை எரிப்பதைவிட நிச்சயம் மேல். எரிப்பதற்கு முன்பே அவற்றைப் பிரித்துவிடலாம். அர்தேசீர் காலத்தில் சுண்ணாம்பு செய்த வேலைதான் இது, இன்று இன்னும் திறமையாக.

ஆனால் கார்பன் டை ஆக்சைடு வேறு கதை. கரியில் இருந்த கார்பன் எங்கேயும் மறைவதில்லை. நிலக்கரியில் இருந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இயற்கை எரிவாயுவில் இருந்து எடுத்தால் அதில் ஏறத்தாழ பாதி. யூரியா தயாரிக்கும்போது இந்தக் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி உரத்துக்குள்ளேயே போய்விடுகிறது. ஆனால் அந்த யூரியாவை வயலில் போட்டதும் அது மறுபடியும் காற்றுக்கே திரும்புகிறது.

வாயுவாக்கத்துக்கு ஒரு சாதகம் உண்டு. சாதாரண அனல்மின் நிலையப் புகைபோக்கியில் கார்பன் டை ஆக்சைடு நைட்ரஜனோடு கலந்து நீர்த்துப்போய் வருகிறது. வாயுவாக்க ஆலையில் அது அடர்த்தியாகக் கிடைப்பதால் பிடித்து வைப்பது சுலபம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள ஓர் ஆலை 2000-ம் ஆண்டு முதல் அப்படிப் பிடித்து, குழாய் வழியாகக் கனடாவின் எண்ணெய் வயலுக்கு அனுப்புகிறது. அதே அமெரிக்காவின் மிசிசிப்பியில் கெம்பர் என்ற இடத்தில் கட்டிய ஆலையின் செலவு 700 கோடி டாலரைத் தாண்டியது. 2017-ல் நிலக்கரி வாயுத் திட்டத்தையே கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது, கையைச் சுடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது.

அதனால் 'நிலக்கரி வாயு சுத்தமான எரிசக்தி' என்ற செய்தி அடுத்த முறை உங்க கண்ணில் பட்டால், மூன்று விஷயம் அதில் இருக்கிறதா பாருங்க.

முதலாவது, வெளியாகும் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கப் போகிறார்களா, பிடித்தால் எங்கே வைப்பார்கள் என்ற விவரம். இது இல்லாவிட்டால் சுத்தம் என்பது தூசிக்கும் கந்தகத்துக்கும் மட்டும்தான் பொருந்தும்.

இரண்டாவது, சாம்பலும் கழிவுநீரும் எங்கே போகும். வாயுவாக்கத்தில் கணிசமான தண்ணீர் தேவை, தார் கலந்த கழிவுநீரும் வரும்.

மூன்றாவது, ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பது யார். செம்பூரை ஒட்டிய மாகுலில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே குடியமர்த்தப்பட்ட மக்கள், மூச்சுவிட நல்ல காற்று கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. மும்பையில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1834-ல் அர்தேசீருக்கு முன்னால் இருந்த கேள்வி, இதை இந்தியர்களால் செய்து காட்ட முடியுமா என்பது. அதற்கு அவர் விளக்கேற்றிப் பதில் சொல்லிவிட்டார். தால்ச்சரிலும் அங்குலிலும் இன்று வேலை பார்க்கும் பொறியாளர்கள் செய்து காட்டுவார்கள் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இருக்கத் தேவையில்லை. அந்த ஆலைகளின் புகைக்கும் கழிவுக்கும் யார் கணக்கு வைப்பார்கள் என்பதுதான் நம்ம தலைமுறை கேட்க வேண்டியது.